படிவத்தில் இல்லாத வேலை

1998 டிசம்பர் 10ஆம் தேதி உலக மனித உரிமைப் பிரகடனத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைந்தது. அதற்காக எங்கள் பள்ளியில் கட்டுரைப் போட்டி என்று அறிவித்தார்கள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. சாத்தூருக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி அது. சுற்றுவட்டார ஊர்ப் பிள்ளைகள் நடந்தும், ஒரே சைக்கிளில் மூன்று பேராகத் தொற்றிக்கொண்டும் வந்து படிப்போம். சமூக அறிவியல் எடுத்த டீச்சர் மதுரையிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். போட்டிக்குப் பெயர் கொடுத்த எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னார்.

"பிரகடனத்துல முப்பது பிரிவு இருக்கு. முப்பதையும் நீங்க நெட்டுருப் போட்டு எழுதிருவீங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கு அது வேண்டாம். ஒண்ணாம் வகுப்புல உங்களோட சேர்ந்தவங்க யார் யாரு, இப்ப எங்க இருக்காங்க, என்ன செய்றாங்க. அதை விசாரிச்சு எழுதிட்டு வாங்க. ஒரு மாசம் டைம் இருக்கு."

முதலில் எங்களுக்கு ஏமாற்றம்தான். கூடப் படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது ஊரில் யாருக்குத்தான் தெரியாது? இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனோம்.

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். 1989ஆம் ஆண்டுப் பக்கத்தில் நாற்பது பெயருக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு பெயராக நோட்டில் எழுதிக்கொண்டே வந்தபோதுதான் எங்களுக்குப் பேச்சு நின்றது. அதில் மூன்றில் ஒரு பங்கு பேர்கூடப் பத்தாம் வகுப்புக்கு வந்து சேரவில்லை. பையன்களாவது ஓரளவு எட்டாவது வரை எட்டியிருந்தார்கள். பெண்பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தார்கள். ஐந்தாவது வரை பள்ளி ஊருக்குள்ளேயே இருந்தது. ஆறாம் வகுப்புக்குக் காட்டு வழியே நடக்க வேண்டும். வயதுக்கு வரப்போகிற பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வந்தது. அந்தக் கேள்வி வந்த வருடமே, வாசலுக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும் தீப்பெட்டி ஆபீஸ் (ஆலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம்) வேலையும் வந்தது. தனியாக நடந்து போகும் பள்ளிக்கூடத்தைவிட, அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் கூடவே வரும் ஆபீஸ் பாதுகாப்பு என்று பெற்றவர்கள் நினைத்தார்கள்.

நாங்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அதே 1989இல், நவம்பர் 20ஆம் தேதி, குழந்தைகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது என்று டீச்சர் பிறகு சொன்னார். 1992 டிசம்பரில் இந்தியா அதில் சேர்ந்தது. வேலைக்கான குறைந்தபட்ச வயதை எல்லாத் தொழில்களுக்கும் உடனடியாக நிர்ணயிக்க இயலாது, படிப்படியாகத்தான் செய்வோம் என்று ஓர் அறிவிப்பையும் சேர்த்தே கொடுத்தது. அந்தப் படிப்படியாக என்ற காலத்துக்குள்தான் எங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகளின் பத்து வயதும் பதினொரு வயதும் பன்னிரண்டு வயதும் போயின.

எங்கள் பக்கத்தில் இந்தத் தொழில் வேரூன்றியதற்குக் காரணம் மண்தான். மானாவாரி நிலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை சரியாகப் பெய்தால் கம்பு, சோளம், மல்லி, பருத்தி. பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. வருடத்தில் பாதிக்கு மேல் காட்டில் வேலை இருக்காது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பிறகு சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவியது. பஞ்சம் வந்தால் ஊரைவிட்டே கிளம்பிப் போன சனங்களுக்கு அது ஊருக்குள்ளேயே கஞ்சி ஊற்றியது. இதை நான் மறைக்க மாட்டேன். இந்தத் தொழில் இல்லையென்றால் எங்கள் ஊர்களில் பல இன்று இருந்திருக்காது. அதே தொழில் எங்கள் பிள்ளைகளின் விரல்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது என்பதும் அதே அளவு உண்மை.

என் பட்டியலில் முதலில் நான் தேடிப் போனது ஒன்றாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை. வாய்ப்பாட்டில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு லீவு. தலைக்குக் குளித்து முடியை உலர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

"காலைல எத்தன மணிக்குப் போவ?"

"நாலரைக்கு வேன் வந்துரும். நாலு மணிக்கே ஆத்தா எழுப்பிவிட்டுரும். வேன்ல ஏறி மறுபடியும் தூங்கிருவோம்."

"திரும்பி வர?"

"ஆறு, ஏழு ஆயிரும். லோடு அவசரம்னா எட்டு."

அவள் செய்வது கட்டை அடுக்கும் வேலை. மரச்சட்டத்தின் பள்ளங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, வரிக்கு மேல் வரியாக அடுக்கி, இறுக்கிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டையைத்தான் பிறகு மருந்தில் முக்குவார்கள். குச்சி மெல்லியது, பள்ளம் சிறியது. பெரியவர்களின் விரலைவிடச் சிறு பிள்ளைகளின் விரல் வேகமாக ஓடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கூலி நாள் கணக்கில் இல்லை, கட்டைக் கணக்கில். அவளுக்குத் தினமும் பதினைந்து ரூபாய் வரும், கை ஓட்டம் நன்றாக இருந்தால் இருபது. அக்காள் கல்யாணத்துக்கு அப்பா ஆபீஸில் வாங்கிய அட்வான்சுக்கு அதில் பாதி பிடித்தம் போகும். அந்தக் கடனைத்தான் அவள் ஐந்தாம் வகுப்பு முடித்ததிலிருந்து அடுக்கி அடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்னையப் பத்தி நான் எழுதலாமா?" என்று கேட்டேன்.

"எழுது. ஆனா எனக்குப் பதினஞ்சு ஆயிருச்சு. செக்கிங் வந்தாக்கூட என்னைய ஒளிய வைக்க மாட்டாங்க. தங்கச்சியத்தான் பின்வாசல் வழியா அனுப்புவாங்க."

இந்தப் பதிலின் கனம் எனக்கு அன்று முழுதாக விளங்கவில்லை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்குப் பதினான்கு வயது நிறையாதவர்தான் குழந்தை. அவள் ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தபோது அந்தச் சட்டம் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. தீப்பெட்டி, பட்டாசு, வெடிபொருள் தயாரிப்பு எல்லாம் குழந்தைகளை வைக்கக் கூடாத வேலைகள் என்று அதன் அட்டவணையிலேயே எழுதியிருந்தது. அவள் குழந்தையாக இருந்த காலம் முழுக்கச் சட்டமும் இருந்தது, வேனும் வந்தது. ஒருவரும் வந்து அவளை என்ன என்று கேட்காமலே அவள் அந்தச் சட்டத்தின் வயதைத் தாண்டிவிட்டாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே அவள் அம்மா, எனக்கு முறைக்கு அத்தை, சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தாயி, எழுதுறதுன்னா இதையும் சேத்து எழுது. அதே ஆபீஸ்ல அதே கட்டையத்தான் நானும் அடுக்குறேன். எனக்குக் குடுக்குற கூலி வீட்டுக்குப் பத்துச்சுன்னா இவ எதுக்கு வர்றா? பிள்ளைய வேலைக்கு அனுப்பாதன்னு சொல்ல வர்றவுக எல்லாரும் எங்கிட்டத்தான் சொல்றாக. கூலியக் கூட்டுன்னு முதலாளிகிட்டப் போய் ஒருத்தரும் சொல்லல."

இதை அப்படியே டீச்சரிடம் படித்துக் காட்டினேன். அவர் பிரகடனத்தை எடுத்து 23ஆம் பிரிவையும் 26ஆம் பிரிவையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொன்னார். உழைப்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மனித மதிப்போடு வாழப் போதுமான ஊதியம் உரிமை என்கிறது முதலாவது. கல்வி ஒவ்வொருவரின் உரிமை என்கிறது இரண்டாவது. "ரெண்டும் ஒரே வீட்டுல உக்காந்திருக்கு பாத்தியா? அம்மாவோட உரிமையப் பறிச்சாத்தான் பொண்ணோட உரிமையப் பறிக்க முடியும்" என்றார். எங்கள் புத்தகத்தில் உரிமைகள் தனித்தனித் தலைப்புகளாக, எண் போட்டு வரிசையாக இருந்தன. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை, அந்த அத்தைதான்.

டீச்சர் மதுரையிலிருந்து ஒரு நகலைக் கொண்டுவந்தார். எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் சுருக்கம் அது. தீர்ப்பு வந்த நாளும் ஒரு டிசம்பர் 10, 1996. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருக்கும் குழந்தைகளைப் பற்றி ஒரு வழக்கறிஞர் 1986இல் போட்ட வழக்கு. நடுவில் 1991இல் ஒரு பட்டாசு ஆலையில் வெடித்தது. 39 பேர் இறந்ததாகத் தமிழக அரசே நீதிமன்றத்தில் சொன்னது. நான் அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தேன். ஊரில் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசியதும், சில நாள் வேன் வராமல் இருந்து பிறகு வழக்கம்போல வந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு இருந்தது. 1985 டிசம்பர் 31ஆம் தேதி நிலவரப்படி பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221, அவற்றில் வேலை செய்தவர்கள் 27,338 பேர், அதில் குழந்தைகள் 2,941 பேர். எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நம்ம பஞ்சாயத்துல மட்டுமே நூத்துக்கணக்குல இருப்பாங்களே, மாவட்டம் முழுக்க இவ்வளவுதானா?" என்றான். பதிவு பெற்ற ஆலையில், பதிவேட்டில் ஏறிய குழந்தைகளை மட்டும் எண்ணினால் அவ்வளவுதான் வரும் என்றார் டீச்சர். எண் எங்கிருந்து வருகிறது, யாரை விட்டுவிட்டு வருகிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது. இன்றுவரை போகவில்லை.

தீர்ப்பின் உத்தரவுகள் எங்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தன. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குழந்தைக்குப் பதிலாக வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். அந்த முதலின் வருமானம் குழந்தைக்காகச் செலவாக வேண்டும். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் இந்த உதவி நின்றுவிடும்.

நாங்கள் உடனே கணக்குப் போட்டோம். வட்டிக் கணக்கு அந்த வருடப் பாடத்தில்தான் இருந்தது. 25,000 ரூபாய்க்குப் பத்து சதவீதம் என்றால் வருடத்துக்கு 2,500. மாதத்துக்கு இருநூற்றுச் சொச்சம். என் தோழியின் தங்கை பதினைந்து ரூபாய் வீதம் இருபத்தைந்து நாள் போனால் 375. கரும்பலகையில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுச் சும்மா நின்றோம். வட்டிப் பணம் மட்டும் ஒரு பெற்றோரை நிறுத்தப் போதாது என்பதைத் தீர்ப்பிலேயே நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள் என்றும், அதனால்தான் பெரியவருக்கு வேலை என்பதை முதலில் வைத்தார்கள் என்றும் டீச்சர் காட்டினார். எங்கள் ஊரில் அப்படி வேலை கிடைத்த பெரியவர் ஒருவரையும் எங்கள் பட்டியலில் நாங்கள் பார்க்கவில்லை. வைப்புத்தொகை வந்த வீட்டையும் பார்க்கவில்லை. தோழியின் தங்கையை மட்டும் மத்திய அரசின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளியில் சேர்த்தார்கள். மாதம் நூறு ரூபாய் உதவித்தொகை, மதியச் சாப்பாடு. அவள் அங்கே போய்த் தொடர்ந்து படித்தாள். அந்தப் பள்ளியின் ஆசிரியைகளுக்குச் சம்பளம் மிகக் குறைவு, மாதக்கணக்கில் தாமதமாகவும் வரும். இருந்தும் காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் பக்கம் ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகள் எழுத்துக்குத் திரும்பியதில் அந்த ஆசிரியைகளின் பங்கை யாரும் போதிய அளவு எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

தீர்ப்புக்குப் பிறகு ஆபீஸ்களில் செக்கிங் அடிக்கடி வந்தது. அதிகாரிகளின் ஜீப் சாத்தூர் ரோட்டில் திரும்பும்போதே செய்தி வந்துவிடும் என்பார்கள். கொஞ்ச நாளில் சிறு பிள்ளைகளை வேனில் ஏற்றுவது குறைந்தது. அது நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் அதே மாதங்களில் எங்கள் தெருவுக்கு மூட்டை மூட்டையாகப் பெட்டி ஒட்டும் வேலை வந்தது. முன்பு சில வீடுகளில் மட்டும் இருந்த வேலை, வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஏஜென்ட் சைக்கிளில் அட்டையும் தாளும் கொண்டுவந்து போடுவார். அடிப்பெட்டி தனி, மேல்பெட்டி தனி. 144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில் கூலி. பசைக்கு மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். கை பச்சையும் நீலமுமாக இருக்கும். சாப்பிடும்போது எவ்வளவு கழுவினாலும் விரலில் ஒரு கசப்பு நிற்கும்.

என் அம்மா பெட்டி ஒட்டினார். நானும் ஒட்டினேன், தம்பியும் ஒட்டினான். மூன்றாம் வகுப்பிலிருந்து எனக்கு அது பழக்கம். பள்ளி விட்டு வந்து ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தால் எட்டு மணி வரை ஓடும். ஒன்பதாவது, பத்தாவது வந்தபோது பதினொரு மணி வரை. பக்கத்தில் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்துக்கொண்டே ஒட்டுவேன். வரலாறு அப்படிப் படிக்கலாம், கணக்குப் படிக்க முடியாது. வகுப்பில் முதல் பீரியடிலேயே கண் சொருகும். கணக்கு வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைப்பார். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அப்பாவின் இரண்டு ஏக்கர் மானாவாரியில் எங்கள் பள்ளிச் செலவு விளையாது. நோட்டு, பேனா, பரீட்சைக் கட்டணம் எல்லாம் அந்தப் பெட்டிக் கூலியில் வந்தது.

நாங்கள் கட்டுரைக்காக அலைந்துகொண்டிருந்த அதே சமயம் எங்கள் ஊருக்குக் குழந்தைத் தொழிலாளர் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். நல்ல மனிதர். திண்ணையில் உட்கார்ந்து, கையில் படிவத்தை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளைங்க எத்தன பேரும்மா?"

"ரெண்டு பேரு சார்."

"என்ன செய்றாங்க?"

"ரெண்டும் படிக்குதுக."

இரண்டு பெயருக்கும் எதிரே 'பள்ளி செல்கிறார்' என்ற கட்டத்தில் டிக் போட்டார். நானும் தம்பியும் அப்போது அவருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். என் மடியில் அட்டை இருந்தது. தம்பிக்கு வயது பதினொன்று. அவன் ஒட்டி எறிந்த பெட்டிகள் அவர் காலடி வரைக்கும் குவிந்து கிடந்தன. அவர் பார்க்காமல் இல்லை. பார்த்தார். பார்த்ததை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. பள்ளிக்குப் போகிறாரா, வேலைக்குப் போகிறாரா, இரண்டில் ஒன்றைத்தான் அது கேட்டது. பள்ளிக்கும் போய் வேலையும் செய்கிற பிள்ளையை அது கேட்கவே இல்லை.

மறுநாள் டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் சட்டத்தின் 3ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். அட்டவணையில் உள்ள எந்த வேலையிலும் குழந்தைகளை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் தன் குடும்பத்தின் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு இது பொருந்தாது என்று அதே பிரிவு முடிந்தது. அந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வாசித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிற கோபம் வந்தது. ஆபீஸ் வாசலோடு சட்டம் நின்றுவிட்டது. ஏஜென்ட் நிற்கவில்லை. முதலாளிக்கு இடவாடகை மிச்சம், கரண்ட் மிச்சம், செக்கிங் பயம் மிச்சம். இந்த வேலை எந்த வகையில் எங்கள் குடும்பத் தொழில்? அட்டை அவருடையது, தாள் அவருடையது, விலை அவர் சொல்வது. கோணல் விழுந்த பெட்டியைக் கழித்துவிடும் அதிகாரமும் அவருடையது. எங்களுடையது கை மட்டும்தான்.

என் கட்டுரையை இந்த இடத்திலிருந்து திருப்பி எழுதினேன். படிப்பை விட்டவர்களின் பட்டியலோடு, படித்துக்கொண்டே வேலை செய்கிறவர்களின் பட்டியலையும் சேர்த்தோம். பத்தாம் வகுப்பில் இருந்த எங்களுக்குள் விசாரித்தோம். பெண்பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் கை தூக்கினார்கள். அவரவர் வீட்டில் மட்டும் நடப்பது என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தது வகுப்பு முழுவதற்கும் உரியதாக இருந்தது. எங்களில் சில பெண்கள் அன்றைக்கு அழுதார்கள். வெட்கத்தில் இல்லை, தனியாக இல்லை என்று தெரிந்ததில்.

டிசம்பர் 10ஆம் தேதி பள்ளியில் கண்காட்சி வைத்தோம். பெயர்ப் பட்டியலைச் சார்ட்டில் எழுதி ஒட்டத் தயாராக இருந்தோம். டீச்சர் தடுத்தார். "இதுல இருக்குற ஒவ்வொரு வீட்டுக்கும் ஆபீஸ்ல அட்வான்ஸ் கடன் இருக்கு. பேரு வெளியில போனா நாளைக்கே அவங்களுக்கு வேலையும் போகும், கடனையும் கேப்பாங்க. உங்கள நம்பித்தான சொன்னாங்க?" பெயர்களை எடுத்துவிட்டு எண்களையும், அவர்கள் சொன்ன வார்த்தைகளையும் மட்டும் வைத்தோம். மனித உரிமை என்று பேசப் புறப்படுகிற எவரும் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே என்று இப்போதும் நினைக்கிறேன். சொன்னவரின் பாதுகாப்புக்குப் பிறகுதான் நம் கட்டுரை.

அதற்கும் எதிர்ப்பு வந்தது. பள்ளிக்கு மின்விசிறியும் பெஞ்சும் வாங்கிக் கொடுத்த பெரியவர்களில் ஆபீஸ் நடத்துகிறவர்களும் இருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் சில சார்ட்டுகளைக் கழற்றச் சொன்னார்கள். டீச்சர் வாதாடவில்லை. கழற்றிய சார்ட்டுகளைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டு, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் விரித்து வாசித்தார். என் தோழியின் அம்மா சொன்ன கூலி விஷயத்தை அவர் வாசித்தபோது பின்வரிசையில் நின்ற பெண்கள் சத்தமாகவே ஆமாம் போட்டார்கள். அடுத்த கல்வியாண்டில் டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. காரணம் எனக்குத் தெரியாது, ஊகித்துச் சொல்லவும் மாட்டேன்.

அதற்குப் பிறகு நிறைய மாறியது. மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 5 முதல் 14 வயதுக்குள் வேலை செய்த குழந்தைகள் 1991இல் 5,78,889 பேர். 2001இல் 4,18,801. 2011இல் 1,51,437. உயர்நிலைப் பள்ளிகள் ஊருக்குப் பக்கத்தில் வந்தன, பெண்பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்தது, மகளிர் குழுக் கடன் வந்து அட்வான்சின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது, குச்சி அடுக்கவும் பெட்டி செய்யவும் இயந்திரங்கள் வந்தன. 2002இல் அரசியல் சட்டத்தில் 21அ சேர்ந்து, 2009இல் கல்வி உரிமைச் சட்டமும் வந்தது. என் தோழியின் இரண்டு பெண்களும் கல்லூரி முடித்துவிட்டார்கள். நான் இதில் மகிழ்கிறேன். இந்த எண்கள் இறங்கியதில் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதை நேரில் பார்த்தவள் நான். ஆனாலும் ஒவ்வொரு முறை இந்த எண்களைப் பார்க்கும்போதும், அம்மா திண்ணையில் சொன்ன "ரெண்டும் படிக்குதுக" என்ற பதிலும் நினைவுக்கு வருகிறது.

2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் குழந்தைகளை வைக்கக் கூடாது என்றார்கள். பதினான்கிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களை அபாயகரமான வேலைகளில் வைக்கக் கூடாது என்றார்கள். என் தோழியின் பதினைந்து வயதையும் சட்டம் கடைசியில் கண்டுகொண்டது. அடுத்த ஆண்டு குறைந்தபட்ச வயது பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 138ஆம் உடன்படிக்கையையும், மிக மோசமான குழந்தை உழைப்பு பற்றிய 182ஆம் உடன்படிக்கையையும் இந்தியா ஏற்றது. இவ்வளவும் செய்தவர்கள், திருத்திய 3ஆம் பிரிவிலேயே, அபாயம் இல்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குழந்தை உதவலாம் என்ற விலக்கை வைத்துக்கொண்டார்கள். எத்தனை மணி நேரம் என்று அந்தப் பிரிவில் வரம்பு இல்லை. இரவு எத்தனை மணி வரை என்றும் இல்லை.

விவசாயி வீட்டுப் பிள்ளை மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதையும், கடைக்காரர் பிள்ளை ஒரு மணி நேரம் கல்லாவில் உட்காருவதையும் குற்றமாக்கச் சொல்லவில்லை. அப்பா, அம்மாவோடு சேர்ந்து ஒரு கைவேலையைக் கற்றுக்கொள்வது பிள்ளைக்கு நல்லதுதான். வெளியில் உள்ள ஒருவருக்காக, அவர் கொடுத்த சரக்கில், அவர் சொன்ன எண்ணிக்கைக் கூலிக்குச் செய்யும் வேலை வீட்டுக்குள் நடந்தாலும் அது குடும்பத் தொழில் ஆகாது. இந்த வேறுபாட்டைச் சட்டம் தெளிவாக எழுத வேண்டும், மணி வரம்பையும் எழுத வேண்டும். அதைவிட முக்கியமாக, வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்ணுக்குக் கட்டுப்படியாகும் கூலியை நிர்ணயித்து அதை வாங்கிக் கொடுக்க வேண்டும். அம்மாவின் கூலி போதுமானால் பிள்ளையின் கை தானாக ஓயும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பீரியடில் தூங்கி விழும் பிள்ளையைப் பெஞ்சு மேல் ஏற்றும் முன், ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய், அதுவரை என்ன வேலை செய்தாய் என்று கேளுங்கள். எந்தப் படிவத்திலும் இல்லாத அந்தக் கேள்வியை நீங்கள்தான் கேட்க முடியும்.